கீழ்ப்படிதலும் கேட்டலும்: பாடுகள் குறித்த ஒரு வாசிப்பு

சாதிச் சான்றிதழ் விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பையன் வந்தான். கல்லூரியில் கடைசி வருஷம். அப்பா இல்லை. அம்மா கூலி வேலை பார்த்துப் படிக்கவைக்கிறார்.

"அண்ணே, மதம்ங்குற எடத்துல இந்துன்னு எழுதுனா எஸ்.சி. சர்டிபிகேட்டு கெடைக்கும்ங்குறாங்க. கிறிஸ்தவன்னு எழுதுனா பி.சி.தான். அம்மா வேண்டாங்குது. பேதுரு மறுதலிச்ச மாதிரி ஆயிரும்லேன்னு அழுவுது. நீங்க பைபிளெல்லாம் வாசிக்கிறவரு. இது பாவமாண்ணே?"

என்னிடம் பதில் இல்லை. அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனேன். லெந்து காலம். எங்கள் பக்கத்தில் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வோம். ஐயர் அன்றைக்கு எடுத்துக்கொண்ட பொருள், சோதனையில் கீழ்ப்படிதல். பாடுகள் வரும், முறுமுறுக்காதே, கேள்வி கேட்காதே, யோபுவைப் பார் என்றார். பையனின் அம்மா முன்வரிசையில் பாயில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தார்.

அந்தக் கேள்விக்கும் இந்தப் பிரசங்கத்துக்கும் நடுவில் நின்று இதை எழுதுகிறேன். கிறிஸ்தவ நம்பிக்கை என்றாலே அடிமைத்தனம் என்று ஒரே வரியில் முடித்துவிடும் நம் தோழர்களுக்கும் இதில் சொல்ல ஒரு விஷயம் உண்டு.

1

முதலில் சொற்கள். கிறிஸ்தவத் தமிழ் துன்பத்தைப் 'பாடு' என்கிறது. கிறிஸ்துவின் பாடுகள், பாடுகளின் வாரம். ஆனால் கோயிலுக்கு வெளியே பாடு என்பது வேறு. பாடுபடுகிறவன் என்றால் உழைக்கிறவன். கடற்கரையில் 'இன்னைக்குப் பாடு எப்படி?' என்று கேட்டால் வலையில் விழுந்த மீனைக் கேட்கிறார்கள். உழைப்பும் வலியும் கிடைத்த கூலியும் இந்த ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. பிரசங்க பீடம் இதிலிருந்து வலியை மட்டும் பிரித்தெடுத்துப் புனிதப்படுத்தியது. கூலியை மறுமைக்குத் தள்ளிவைத்தது.

அடுத்தது 'கீழ்ப்படிதல்'. கலங்கிய தண்ணீரில் வண்டல் அடியில் போய்ப் படிவதுதான் இந்தச் சொல் தரும் படிமம். கீழே போய்ப் படிந்துவிடு, கலக்காதே. புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் இந்த இடத்தில் இருக்கும் சொல் 'ஹுபகோயே'. அதன் வேர் கேட்டல். லத்தீனிலும் கீழ்ப்படிதலுக்கான சொல் காதிலிருந்துதான் பிறக்கிறது. எபிரேயத்தில் 'ஷமா' என்ற ஒரே சொல் கேட்பதற்கும் கீழ்ப்படிவதற்கும் பொதுவானது. ஆக, மூலப் பிரதிகளில் இது காது சம்பந்தப்பட்ட காரியம். தமிழில் அது முதுகு சம்பந்தப்பட்ட காரியமாகிவிட்டது.

நம் பேச்சுத்தமிழிலோ அந்த மூலப் பொருள் இன்னமும் உயிரோடு இருக்கிறது. 'பெரியவங்க சொன்னாக் கேக்கணும்' என்கிறோம். அந்தக் 'கேள்' கீழ்ப்படிவதுதான். ஆனால் அதே 'கேள்' வினவுவதும்தான், உரிமையோடு கோருவதும்தான். பழந்தமிழில் கேள் என்றால் உறவு என்றும் பொருள். இவையெல்லாம் ஒரே வேரா, வேறு வேறா என்பது மொழியியலாளர் பாடு. சொல்லப்போனால் மொழிபெயர்த்தவர்கள் தெருப்பேச்சின் 'கேட்டலை' எடுத்திருந்தால், கேட்காமல் கீழ்ப்படி என்று தமிழில் ஒருவர் பிரசங்கம் பண்ணுவதே கஷ்டமாயிருந்திருக்கும்.

மூன்றாவது 'சோதனை'. பரீட்சை வைப்பதும் பாவத்துக்கு ஆசை காட்டுவதும் ஒரே சொல்லில் அடங்குகின்றன. கிரேக்கத்திலும் இந்த மயக்கம் உண்டு. அதனாலேயே சோதிப்பது யார் என்ற கேள்வி எப்போதும் மங்கலாகிவிடுகிறது. கஷ்டம் வந்தால் ஆண்டவர் சோதிக்கிறார் என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் யாக்கோபின் நிருபம் கடவுள் யாரையும் தீமைக்கு இழுத்துச் சோதிப்பதில்லை என்று திட்டமாக மறுக்கிறது. அப்படியானால் சோதிக்கிறவனைத் தேட வேண்டியிருக்கிறது.

2

இப்போது பிரதிகளுக்கு வருவோம். வனாந்தரத்தில் இயேசு மூன்று முறை சோதிக்கப்படுகிறார். கல்லை அப்பமாக்கு. ஆலய உப்பரிகையிலிருந்து குதி. என்னை விழுந்து வணங்கினால் உலக ராஜ்யங்களைத் தருகிறேன். இதில் மூன்றாவதைக் கவனிக்க வேண்டும். அங்கே பிசாசு கேட்பது கீழ்ப்படிதல். அதிகாரத்தின் முன்னால் ஒரு நமஸ்காரம் போடு, மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறது. இயேசு கீழ்ப்படிய மறுக்கிறார். உப்பரிகையில் பிசாசு ஆதாரம் காட்டுவது 91ஆம் சங்கீதத்தை. வேதவசனத்தைச் சொல்லிக்கொண்டே சோதிக்கலாம் என்பதை அந்தப் பிரதியே நமக்குச் சொல்லிவைத்திருக்கிறது. நம் சபைகள் இந்த இடத்தை அவசரமாகத் தாண்டிப்போகின்றன.

கெத்செமனே கீழ்ப்படிதலின் உச்சமாகச் சொல்லப்படுகிறது. உன் சித்தப்படி ஆகட்டும் என்று அடங்கிப்போகும் இடம். ஆனால் அந்த அடக்கத்துக்கு முன்னால் அந்தப் பாத்திரம் தன்னைவிட்டு நீங்கட்டும் என்ற கோரிக்கை வருகிறது. கேட்கிறார். மறுபடியும் போய்க் கேட்கிறார். மத்தேயுவின் கணக்கில் மூன்று முறை போய் ஜெபிக்கிறார். சிலுவையிலும் கைவிட்டது ஏன் என்றுதான் கேட்கிறார். எபிரேயருக்கு எழுதப்பட்ட நிருபம், அவர் மகனாயிருந்தும் பாடுகள் வழியேதான் கீழ்ப்படியக் கற்றார் என்கிறது. கிரேக்கத்தில் கற்றலும் பாடுபடுதலும் (எமாதென், எபாதென்) எதுகை போட்டு ஒலிக்கின்றன. அதற்கு முந்தின வசனத்திலேயே கதறலும் கண்ணீருமாக வேண்டிக்கொண்டவர் என்று அவரைக் காட்டிவிட்டுத்தான் நிருபம் இதைச் சொல்கிறது. கதறியவர் கற்ற கீழ்ப்படிதல் அது. வாய்பொத்தி நின்றவருடையது அல்ல.

யோபு விஷயம் இன்னும் வேடிக்கை. 42 அதிகாரங்களில் பிரசங்கத்துக்குக் கிடைப்பது முதல் இரண்டும் கடைசியில் கொஞ்சமும்தான். இழந்தான், தூஷிக்கவில்லை, இரட்டிப்பாகப் பெற்றான். நடுவிலிருக்கும் நீண்ட கவிதையில் யோபு பிறந்த நாளைச் சபிக்கிறான். கடவுளை வழக்குக்கு இழுக்கிறான். முறுமுறுக்காதே, உன் பாவத்தை யோசித்துப்பார் என்று புத்தி சொல்கிறவர்கள் அவனுடைய சிநேகிதர்கள். கடைசியில் கடவுள் யாரைக் கோபித்துக்கொள்கிறார்? கடவுளுக்காக வக்காலத்து வாங்கிய அந்தச் சிநேகிதர்களை. யோபு பேசியதே சரி என்று தீர்ப்பாகிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஐயர் யோபுவின் பெயரைச் சொல்லி சிநேகிதர்களின் பிரசங்கத்தைப் பண்ணிக்கொண்டிருந்தார்.

3

யோபுவின் கதை நம் நிலத்தில் ஒரு மனிதனைத் திருப்பியிருக்கிறது. திருவிதாங்கூர் அரசுப் பணியிலிருந்த நட்டாலம் நீலகண்டன், குடும்பச் சொத்துகள் அழிந்து துவண்டிருந்த சமயத்தில் டச்சுப் படைத் தளபதி டிலனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னதாக மரபு. 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். சிறை, சித்திரவதை. 1752 ஜனவரி 14இல் ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15இல் ரோமாபுரி அவருக்குப் புனிதர் பட்டம் தந்தது.

இவரைக் கீழ்ப்படிதலின் மாதிரியாகச் சபை முன்வைக்கிறது. யாருக்குக் கீழ்ப்படிந்தவர்? அரசன் சொல்லைக் கேட்கவில்லை. ஒடுக்கப்பட்ட சாதியாரோடு கலந்து பழகி, சாதி சொன்னதையும் கேட்கவில்லை. அவருடைய பாடு முழுவதும் மறுப்பின் விளைவு. அவருடைய பெயரோடு ஒட்டியிருந்த பிள்ளைப் பட்டத்தை நீக்க ரோமாபுரி வரை முறையிட வேண்டியிருந்தது. அது நீங்கிய பிறகே புனிதர் பட்டம் வந்தது.

அவர் ஞானஸ்நானம் பெற்ற வடக்கன்குளத்தை மறந்துவிடக் கூடாது. 1872இல் அங்கே கட்டப்பட்ட கோயிலுக்கு இரண்டு கால்கள். கால்சட்டை மாதிரி இரண்டு நீண்ட கூடங்கள் பிரிந்து பீடத்தில் வந்து சேரும். ஒன்றில் வேளாளர், இன்னொன்றில் நாடார். ஒருவரை ஒருவர் பார்க்காமலே ஒரே நற்கருணையைப் பார்க்கலாம். நடுச்சுவர் 1910இல் இடிக்கப்பட்டபோது வேளாளர் நீதிமன்றம் போனார்கள். சென்னை உயர்நீதிமன்றம் வரை போயும் அவர்கள் கோரிக்கை நிற்கவில்லை. மேல்சாதி விசுவாசி ஆயரைக் கேள்வி கேட்டு வழக்குப் போடுகிறான், அவனுக்கு யாரும் யோபுவின் பொறுமையைப் போதித்ததாகத் தெரியவில்லை. கீழ்ப்படிதல் எல்லாருக்குமான புண்ணியமாகச் சொல்லப்பட்டாலும் அது பங்கிடப்படும்போது சாதிக் கணக்குப்படிதான் பங்கிடப்படுகிறது.

4

மேய்ப்பன் - மந்தை உறவை ஒரு தனிவகை அதிகாரமாக ஃபூக்கோ 1978இல் தன் விரிவுரைகளில் அலசினார். துறவு மடத்துக் கீழ்ப்படிதலுக்கு வெளியே ஒரு குறிக்கோள் கிடையாது, கீழ்ப்படிந்த நிலையில் இருப்பதே அதன் குறிக்கோள் என்பது அவர் கண்டது. ஃபூக்கோ வெளியே நின்று சொன்னார். உள்ளே நின்றே இதைச் சொன்னவர் ஜெர்மானிய இறையியலாளர் டோரதே ஸோல்லே. நாஜி ஜெர்மனியில் வளர்ந்தவர். உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தேன் என்று ஐக்மன் 1961இல் ஜெருசலேம் நீதிமன்றத்தில் சொன்ன அந்தச் சொல்லை இனிப் புண்ணியமாக எப்படிப் போதிப்பது என்பது அவருடைய தலைமுறையின் கேள்வி. 1968இல் கீழ்ப்படிதல் குறித்தும் 1973இல் துன்பம் குறித்தும் நூல்கள் எழுதினார். துன்பத்தையே தேவசித்தமாக வழிபடும் கிறிஸ்தவத்தை அவர் தன்வதை இன்பம் என்றே சாடினார். ஒழிக்கக்கூடிய துன்பத்தை ஏற்றுக்கொள்ளச் சொல்வது வேறு, அதை ஒழிக்கப்போய் வரும் துன்பத்தை ஏற்பது வேறு. இந்த வித்தியாசம் தெரியாத பிரசங்கம் ஆபத்தானது.

நமக்கு இதைச் சொல்ல ஜெர்மனி போக வேண்டியதில்லை. 1992இல் வந்த பாமாவின் 'கருக்கு' இருக்கிறது. அதை தலித் சுயசரிதையாக வாசித்த அளவுக்கு இறையியல் பிரதியாக நாம் வாசிக்கவில்லை. ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்று மூன்று வார்த்தைப்பாடு எடுத்து மடத்துக்குள் போன ஒரு தலித் பெண், அந்த மூன்றாவது வார்த்தைப்பாடு உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிட்டு வெளியே வருகிறாள். அன்பான கடவுளையும் மன்னிக்கிற கடவுளையும் சொல்லிக்கொடுத்தவர்கள், அநீதியைக் கண்டு கோபப்படுகிற கடவுளை ஏன் சொல்லிக்கொடுக்கவில்லை என்று அந்த நூல் கேட்கிறது. பனங்கருக்கின் இரண்டு பக்க ரம்பத்தை எபிரேயர் நிருபத்தின் இருபுறக் கருக்குள்ள பட்டயத்தோடு சேர்த்துவைக்கிறது. பாடுகள் வழியே கீழ்ப்படிதல் என்று சொல்லும் அதே நிருபத்திலிருந்துதான் பாமா வாளை எடுத்துக்கொண்டார். மடத்தை விட்டு வெளியேறியது அவிசுவாசம் இல்லை, வேதத்தைச் சரியாகக் கேட்டதன் விளைவு என்றுதான் எனக்குப் படுகிறது.

நம் தோழர்கள் இங்கேதான் யோசிக்க வேண்டும். மதத்தை அபின் என்ற மார்க்ஸ், அதே மூச்சில் அதை ஒடுக்கப்பட்டவர்களின் பெருமூச்சு என்றும் சொன்னார். அந்தப் பெருமூச்சைக் கேட்கத் தெரியாத விமர்சனம், பையனின் அம்மா அழுவதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடும். அவர் அழுவது ஒரு சொல்லைக் காப்பாற்றத்தான். கொடுத்த வாக்கைக் காசுக்கு மாற்றக் கூடாது என்கிறார். அதில் அடிமைத்தனத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

5

மறுபடியும் அந்த விண்ணப்பம். 1950 ஆகஸ்ட் 10 தேதியிட்ட குடியரசுத் தலைவர் ஆணையின் 3ஆம் பத்தி, இந்து அல்லாதவரை அட்டவணைச் சாதியாகக் கொள்ள மறுத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் மதம் மாறிய தலித்துகள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டார்கள். இதனால் போவது வேலையும் படிப்பும் மட்டும் இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் சேர்ந்தே போகிறது. சேரியில் அடி மட்டும் மதம் பார்த்து விழுவதில்லை.

சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த சூசை என்பவர், செருப்புத் தொழிலாளருக்கு அரசு இலவசமாகக் கொடுத்த பங்க் கடை தனக்கு மட்டும் இல்லையென்றானபோது உச்சநீதிமன்றம் போனார். 1985இல் தீர்ப்பு. மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் போதாது, பழைய கொடுமை அதே கடுமையோடு புதிய சமூகத்திலும் தொடர்கிறது என்று நிறுவ வேண்டும், அதற்குப் போதிய சான்று இல்லை என்று தள்ளுபடி செய்தார்கள். 2024 நவம்பரில் புதுச்சேரியிலிருந்து வந்த ஒரு வழக்கில், கிறிஸ்தவராக வாழ்ந்துகொண்டு இட ஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்லிக்கொள்வது அரசியலமைப்பின் மீதான மோசடி என்றது அதே நீதிமன்றம்.

கவனியுங்கள். உன் பாடு பாக்கியம் என்கிறது சபை. உன் பாடு நிரூபணமாகவில்லை என்கிறது அரசு. இரண்டும் சேர்ந்து அவன் பாட்டை இல்லையென்று ஆக்கிவிடுகின்றன. என்னை வணங்கினால் தருகிறேன் என்ற அந்த மூன்றாவது சோதனை இப்போது ஒரு விண்ணப்பத்தின் மதம் என்ற கட்டத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. யாக்கோபு சொன்னபடி இதை வைத்தவர் கடவுள் இல்லை. வைத்தவர்களுக்குக் கையெழுத்தும் தேதியும் பத்தி எண்ணும் இருக்கின்றன.

எழுதினால் பாவமா என்ற கேள்விக்கு நான் தீர்ப்பு சொல்லப்போவதில்லை. மூன்று முறை மறுதலித்த பேதுருவிடம்தான் ஆடுகள் ஒப்படைக்கப்பட்டன என்பதை மட்டும் அந்த அம்மாவிடம் சொன்னேன். பையனிடம், "ஐயர்கிட்ட கேளுப்பா. தனியா கேக்காத, ஆராதனை முடிஞ்சதும் எல்லார் முன்னாலயும் கேளு" என்றேன். "கேட்டா என்னண்ணே சொல்வாரு?" என்றான்.

சபைகள் ஆகஸ்ட் 10ஐக் கறுப்பு நாளாக அனுசரிக்கத்தான் செய்கின்றன. ஒரு நாள் போதாது. லெந்து காலத்தின் நாற்பது நாளில் ஒரு ஞாயிறாவது பிரசங்க பீடத்தில் நின்று சூசையின் தீர்ப்பை வாசிக்கட்டும். சபைக்குள் சாதி அதே கடுமையோடு இருக்கிறது என்பதற்குச் சான்று இல்லை என்று நீதிமன்றம் சொன்னதல்லவா? அந்தச் சாட்சியைச் சபையே சொல்லட்டும். கல்லறைத் தோட்டத்துச் சுவர்களையும் உபதேசியார் வேலைக்கு மேலே தலித்துக்கு எட்டாத பதவிகளையும் தன் வாயாலேயே எண்ணிச் சொல்லட்டும். அதற்குக் கொஞ்சம் பாடுபட வேண்டியிருக்கும். அந்தப் பாட்டைச் சபை ஏற்றுக்கொள்ளும் நாளில், கீழ்ப்படிதலைப் பற்றி அது சொல்வதை நானும் பாயில் உட்கார்ந்து கேட்கிறேன்.