கல்லில் கரணம், காலில் அடவு

திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயிலின் கிழக்கு ராஜகோபுரம் 217 அடி உயரம், பதினொரு நிலை. கிருஷ்ணதேவராயர் தொடங்கிய பணி, தஞ்சை செவ்வப்ப நாயக்கர் கையில் நிறைவு பெற்றது. அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டுவிட்டு உள்ளே விரையும் கூட்டம், வாசலின் உட்சுவர்களில் ஆடிக்கொண்டிருக்கும் பெண்களைக் கவனிப்பதே இல்லை. அவர்கள் ஆடுவது நாட்டிய சாஸ்திரம் நான்காம் அத்தியாயத்தில் சொல்லும் கரணங்கள், அதாவது கையும் காலும் இணைந்த நடன அசைவுகள்.

மொத்தம் 108 கரணங்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் கருவறைக்கு மேல்தளத்தில் நான்கு கைச் சிவனே ஆடுகிறார். 81 முடிந்தன, மற்ற கற்கள் செதுக்கப்படாமலே நிற்கின்றன. சிதம்பரத்துக் கிழக்கு, மேற்குக் கோபுரங்களில் கரணங்களோடு அவற்றுக்கான சுலோகங்களையும் கிரந்த எழுத்தில் பொறித்துவிட்டார்கள். கும்பகோணம் சாரங்கபாணி கோயிலிலும் விருத்தாசலத்திலும் கரணங்கள் உண்டு.

அப்படியானால் இன்றைய பரதநாட்டியத்தின் அடிப்படை அசைவுகளான அடவுகள் இந்தக் கற்களிலிருந்து பிறந்தவையா?

குதித்து மெட்டடவைப் பார்ப்போம். ‘தை ஹத் தை ஹி’ என்று சொல்கட்டு விழ, பிள்ளைகள் முன்பாதத்தில் குதித்து, உடனே குதிகாலைத் தரையில் தட்டுகிறார்கள். முன்பாதத்தில் நின்று குதிகாலை இறக்குவதை நாட்டிய சாஸ்திரம் ‘உத்கட்டிதம்’ என்கிறது. நாட்டடவில் காலை நீட்டிக் குதிகாலை ஊன்றி விரல்களை நிமிர்த்துவது ‘அஞ்சிதம்’. பாதத்தின் அளவில் உறவு இவ்வளவு நெருக்கம். ஆனால் காலை நெற்றிவரை தூக்கித் திலகமிடும் ‘லலாடதிலகம்’, காலைப் பின்னால் தேள்கொடுக்காக வளைக்கும் ‘விருச்சிகம்’ போன்றவற்றுக்கு அரைமண்டியில் நேர்கோடு பிடிக்கும் அடவு வரிசையில் இடமில்லை.

இன்னொரு சிக்கல், கரணம் ஒரு நிலை அல்ல, அசைவு. சிற்பி அதன் ஒரு கணத்தைத்தான் செதுக்க முடியும். அந்தக் கணத்துக்கு முன்னும் பின்னும் உடல் எப்படிப் போனது என்பதை ஆடித்தான் மீட்க வேண்டும். நடனக் கலைஞர் பத்மா சுப்ரமணியம் செய்தது அதைத்தான். சாஸ்திர வரிகளையும் சிற்பங்களையும் சேர்த்து வைத்து அசைவைத் தேடினார். மகாராஷ்டிரத்துச் சாத்தாராவில் எழுந்த நடராஜர் கோயிலுக்கு அவரே கரணச் சிற்பங்களை வடிவமைத்தும் கொடுத்தார். சுவரைப் பார்த்துச் சிலையாக நின்றுகாட்டுவதே கரணம் என்ற எண்ணத்தை உடைத்தது அவருடைய பெரிய பங்களிப்பு.

அடவுக்கோ வேறொரு வழியும் உண்டு. 18-ஆம் நூற்றாண்டில் தஞ்சை மராட்டிய மன்னர் துளஜா எழுதிய ‘சங்கீத சாராமிர்தம்’ அடவுகளைப் பற்றிப் பேசுகிறது. அடுத்த நூற்றாண்டில் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு சகோதரர்கள் கச்சேரி முறையை ஒழுங்குபடுத்தினார்கள். தட்டுக்கழியும் சொல்கட்டுமாக அடவை உடலிலிருந்து உடலுக்குக் கடத்தியவர்கள் நட்டுவனார்களும் தேவரடியார்களும். கோபுரச் சிற்பங்களுக்குக் கிடைத்த புகழில் பாதிகூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அடவின் பிறப்பைத் தேடுகிறவர் கோபுர வாசலில் நின்ற பிறகு, அந்தக் குடும்பங்களின் பாட முறையையும் அதே அக்கறையோடு படித்தாக வேண்டும். தாளமும் வேகமும் கல்லில் இல்லை, அவர்களிடம்தான் இருந்தன.