டானிஸாகி கட்டிய வீடு

வீடு கட்டுகிறவனை அஸ்திவாரமும் சுவரும் அவ்வளவாகப் படுத்துவதில்லை. அவை கொத்தனாரின் பொறுப்பு. கூரை ஏறிய பிறகுதான் அவனுக்குச் சங்கடம் ஆரம்பமாகிறது. தரைக்கு என்ன கல், கதவுக்கு என்ன மரம், சுவருக்கு என்ன பூச்சு, விளக்கை எங்கே மாட்டுவது என்று அவனே தீர்மானிக்க வேண்டும். கையிருப்பு கரைந்துபோன சமயத்தில்தான் இந்தத் தீர்மானங்கள் வரிசையாக வந்து நிற்கும்.

இந்தச் சங்கடத்தை இலக்கியமாக்கியவர்களில் முதலிடம் தரத்தக்கவர் ஜப்பானிய நாவலாசிரியர் ஜூனிசிரோ டானிஸாகி. ‘நிழலின் புகழ்’ என்று தமிழில் சொல்லத்தக்க அவருடைய நீண்ட கட்டுரை, 1933 டிசம்பரிலும் 1934 ஜனவரியிலுமாக இரண்டு பகுதிகளாகப் பத்திரிகையில் வந்தது. அப்போது அவருக்கு வயது நாற்பத்தேழு. 1977-ல் ஆங்கிலத்தில் வெளிவந்த பிறகு உலகம் முழுவதும் அதைப் படித்தார்கள்; கட்டடக் கலை பயிலும் மாணவர்களுக்கு அது ஏறக்குறைய பாடப் புத்தகமே ஆகிவிட்டது. நோ நாடகம், அரக்குக் கிண்ணம், மெழுகுவர்த்தி வெளிச்சம் என்று அதன் பின்பகுதியைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு முதல் சில பக்கங்கள்தான் முக்கியமாகப் படுகின்றன. அங்கே தத்துவம் இல்லை. வீடு கட்டிச் செலவழித்த ஒரு மனிதன் இருக்கிறான்.

பழைய ஜப்பானிய முறையில் வீடு வேண்டும். மின்சாரமும் எரிவாயுவும் குழாய்த் தண்ணீரும் வேண்டும். இரண்டையும் சேர்த்து வைக்கப் பட்ட பாட்டை அவர் ஒளிக்காமல் சொல்கிறார். ஜன்னல் சட்டங்களுக்குக் கண்ணாடி போட மனமில்லை. வெறும் காகிதம் ஒட்டினால் வெளிச்சமும் போதாது, பத்திரமும் இல்லை. எனவே உள்ளே காகிதம், வெளியே கண்ணாடி என்று இரட்டைச் சட்டம் போட்டார். செலவு ஏறியது. வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணக் கண்ணாடிக் கதவு. உள்ளிருந்து பார்த்தால், பின்னால் கண்ணாடி இருப்பதால், காகிதத்துக்கே உரிய மென்மை போய்விட்டது. குளியலறைக்கு மரமே அழகு என்று அவருக்குத் தெரியும். கழிப்பறைச் சாமான்களையாவது தம் ரசனைப்படி மரத்தில் செய்து, கடையில் விற்கும் தண்ணீர்த் தொட்டியோடு இணைக்கலாம் என்று பார்த்தார். தச்சுக் கூலியைக் கேட்டதும் அந்த ஆசையைக் கைவிட்டார்.

எல்லாம் தோல்வி என்றும் இல்லை. எந்தக் கணப்பும் ஜப்பானிய அறைக்குப் பொருந்தாது என்று கண்டு, பழைய குடியானவர் வீட்டுப் பாணியில் பெரிய தணல் குழி அமைத்து, அதற்குள் மின்சாரக் கணப்பை வைத்தார். அது நன்றாக அமைந்ததில் அவருக்குத் திருப்தி. மின்சார விளக்கை மறைக்கப் படாத பாடு படுவதைவிடச் சாதாரணப் பால் கண்ணாடி மூடிக்குக் கீழே அதைத் தொங்கவிடுவதே இயல்பாக இருக்கிறது என்றும் ஒப்புக்கொள்கிறார். பழமையை வணங்குகிறவர்களில் பலர் இவ்வளவு தூரம் வரமாட்டார்கள்.

அவர் பழமைவாதியாகப் பிறந்தவரும் அல்ல. இளமையில் மேல்நாட்டு மோகம் கொண்டு, யோகோஹாமாவில் மேல்நாட்டுப் பாணி வீட்டில் குடியிருந்தவர். 1923-ஆம் ஆண்டுப் பூகம்பத்துக்குப் பிறகுதான் மேற்கு ஜப்பானுக்குக் குடிபெயர்ந்தார். பழைய ரசனையின் பக்கம் மெல்ல மெல்லத் திரும்பினார். இரண்டு விதமான வீட்டிலும் இருந்து பார்த்தவர் எழுதியது என்பதால் அந்தக் கட்டுரைக்குக் கனம் வருகிறது.

இந்த அனுபவங்களிலிருந்து அவர் எட்டுகிற சித்தாந்தம் எளிமையானது. ஒரு பொருளைப் புதிதாக வாங்கிய அன்று பார்த்து மதிப்பிடக் கூடாது. பத்து வருஷம் கை பட்ட பிறகு பார்க்க வேண்டும். பூசாத மரம் கறுத்து, அதன் ரேகைகள் ஆழ்ந்து வரும். வெள்ளி பளபளப்பு இழந்து புகை நிறம் கொள்ளும். மனிதக் கை தடவித் தடவி ஏறிய எண்ணெயும் அழுக்கும்தான் நாம் மெச்சுகிற மெருகு என்று அவர் துணிந்து சொல்கிறார். வெள்ளைப் பீங்கான் ஓடு இதற்கு நேர்விரோதமானது. அது முதல் நாளன்று எப்படி இருந்ததோ அப்படியே இருக்க முயல்கிறது, முடியாதபோது அசிங்கமாகிறது. வீட்டுக்குப் பொருள் தேர்ந்தெடுப்பவனுக்கு இதைவிட நல்ல உரைகல் கிடைக்காது என்றே நினைக்கிறேன்.

ஆனால் கட்டுரையில் ஓர் ஓட்டை இருக்கிறது. நிறத்தைப் பற்றி அவர் எழுதியிருக்கும் பகுதி இன்று படிக்கக் கூச்சம் தருகிறது. அதை நான் சொல்லவில்லை. வெள்ளிப் பாத்திரம் கறுப்பதற்காக வீட்டுக்காரர் காத்திருப்பார். விவரமறியாத வேலைக்காரி அதைத் தேய்த்துப் பளிச்சென்று வைத்துவிடுவாள். அதற்காக அவளைக் கடிந்துகொள்ளாத வீடே இல்லை என்கிற தோரணையில் ஓரிடத்தில் எழுதுகிறார். கட்டுரையில் வேலைக்காரிக்குக் கிடைத்த இடம் பெரும்பாலும் அவ்வளவுதான். அந்த மரத் தரையை மங்கின மெருகோடு வைத்திருக்க யார் தினமும் குனிந்து துடைத்தார்கள்? காகிதம் கிழிந்தால் யார் ஒட்டினார்கள்? காலம் மரத்தை அழகாக்குகிறது என்கிறார். காலம் தனியாக அதைச் செய்வதில்லை; ஒருத்தியின் முதுகும் முழங்காலும் சேர்ந்துதான் செய்கின்றன. பராமரிக்க ஆள் இல்லாவிட்டால் அதே மரம் பத்து வருஷத்தில் பூசணம் பிடித்து உளுத்துப்போகும்.

இது அவருக்குத் தெரியாத விஷயம் அல்ல. ஏறக்குறைய முப்பது வருஷம் கழித்து, 1963-ல், வீட்டுப் பணிப்பெண்களையே பாத்திரங்களாக வைத்து ஒரு நாவலை அவர் வெளியிட்டார். ‘பணிப்பெண்கள்’ என்னும் பொருள்படும் தலைப்பில் 2017-ல் அது ஆங்கிலத்தில் வந்தது. எங்கிருந்தோ வந்து, சமைத்து, துடைத்து, சண்டை போட்டு, கல்யாணமாகிப் போகிற பெண்களின் கதை. இரண்டையும் சேர்த்துப் படிக்கிறவனுக்குத்தான் அவருடைய வீடு முழுசாகத் தெரியும். கட்டுரை கூடத்தைக் காட்டுகிறது. நாவல் சமையற்கட்டைக் காட்டுகிறது. கட்டுரை எழுதும்போதே சமையற்கட்டுப் பக்கம் திரும்பியிருந்தால், குளியலறை ஓட்டைப் பற்றி அவர் இன்னும் சற்று நிதானமாகப் பேசியிருப்பார் என்று தோன்றுகிறது.

நம் ஊரில் வீடு கட்டுகிறவர்களுக்கு இந்த விவகாரம் அந்நியமானது அல்ல. கண்ணாடிபோல் மெருகேற்றிய டைல்ஸ் போடுவது இன்று வழக்கமாகிவிட்டது. அது தண்ணீர் குடிப்பதே இல்லை என்று சொல்லி விற்கிறார்கள், உண்மைதான். குடிக்காத தண்ணீர் மேலேயே நிற்கும், கிழவியின் கால் அதில் வழுக்கும் என்பதைச் சொல்வதில்லை. சலவைக் கல்லும் சுண்ணாம்புக் கல்லும் ஒரே இனம். அதைச் சமையல் மேடைக்குப் போட்டால் புளித்தண்ணீரும் எலுமிச்சைச் சாறும் பட்ட இடமெல்லாம் மெருகு போய்த் தழும்பாகும். புளி இல்லாமல் சமைக்கத் தெரியாதவர்கள் அதை வாங்கிப் போடுவது, வீட்டைப் பார்க்க வருகிறவர்களின் கண்ணுக்காகத்தான்.

இதற்கு எதிராக இப்போது பழமை ஒரு மோஸ்தராகத் திரும்பியிருக்கிறது. காரைக்குடிக்குப் பக்கத்தில் ஆத்தங்குடியில் சூளையில் சுடாமலே தரை ஓடு செய்கிறார்கள். கண்ணாடிப் பலகைமேல் வர்ணக் குழம்பை ஊற்றி, மணலும் சிமிண்டும் சேர்த்து அச்சில் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிற கைவேலை. நடக்க நடக்க, துடைக்கத் துடைக்கத்தான் அதற்கு மெருகு ஏறும். டானிஸாகி பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். எனக்கும் அது பிடிக்கும். ஆனால் அதைத் தேர்ந்தெடுக்கிறவர், துடைக்கப்போவது யார் என்பதையும் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். மனைவியா, மருமகளா, மாதச் சம்பளத்துக்கு வருகிற பெண்ணா? அவர்களில் ஒருவரையாவது கல் கடைக்கு அழைத்துப் போய் அபிப்பிராயம் கேட்கிற வழக்கம் நம்மிடம் இல்லை. வீட்டுக்காரர் கல்லைப் பார்க்கிறார், விலையைப் பார்க்கிறார், நண்பர் வீட்டில் போட்டிருப்பதை நினைத்துப் பார்க்கிறார். குனிகிறவளின் அபிப்பிராயம் குடிபுகுந்த பிறகுதான், அதுவும் முணுமுணுப்பாக, வெளிவருகிறது.

டானிஸாகியின் மனைவி சொன்னதாக ஆங்கில மொழிபெயர்ப்பின் பின்னுரையில் ஒரு செய்தி இருக்கிறது. பிற்காலத்தில் அவர் புதிய வீடு கட்ட நினைத்தபோது, கட்டடக் கலைஞர் அவருடைய கட்டுரையைப் படித்திருப்பதாகவும், அவருக்கு என்ன வேண்டுமென்று தமக்கு நன்றாகத் தெரியுமென்றும் சொன்னாராம். அப்படிப்பட்ட வீட்டில் தம்மால் ஒருபோதும் வசிக்க முடியாது என்றாராம் டானிஸாகி. இதைச் சொல்லி அவரைப் பரிகாசம் செய்கிறவர்கள் உண்டு. எனக்கு அது பரிகாசத்துக்குரியதாகப் படவில்லை. கட்டுரையின் முடிவிலேயே, தாம் இழந்த நிழலை இலக்கியத்திலாவது காப்பாற்றிப் பார்க்கலாம் என்றுதான் அவர் சொல்கிறார். வீட்டில் காப்பாற்றலாம் என்று சொல்லவில்லை. வயதான பிறகு வெளிச்சமும் வெந்நீரும் எவ்வளவு அவசியம் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

வீடு கட்டுகிறவர்கள் இந்தக் கட்டுரையைப் படிக்கத்தான் வேண்டும். படித்துவிட்டு, சமையற்கட்டில் இருப்பவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, பிறகு கல் வாங்கப் போகலாம்.