தப்பு காயும் நேரம்

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில் தப்பு என்னும் பறைக்குப் பல வேலை. கருக்கலில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுப்புக்கு, கூப்பிட்டது அது. சாவு வீட்டில் முழங்கியது அது. மாசியில் காமன் கூத்து நடக்கும்போது வீரபத்திரன் வேடக்காரருக்கு ஆவேசம் ஏற்றுவதும் அதுவே. சி.வி. வேலுப்பிள்ளை (1914–1984) தம் ஆங்கில நெடுங்கவிதை ‘இன் சிலோன்ஸ் டீ கார்ட’னைத் தொடங்குவதே இந்த விடியற்கால ஒலியில்தான்.

சாமியாடிகளின் கருவிகளைத் தேடிப் போகும் ஒலிக்கலைஞர்களுக்கு ஆவேசம் உடனே காதில் விழுகிறது, பெரட்டு விழுவதில்லை. 1990 ஜூலையில் கொரியக் கலைஞர் நாம் ஜூன் பைக், மறைந்த நண்பரான ஜெர்மன் கலைஞர் யோசப் பாய்ஸுக்காக சோல் நகரில் கொரியச் சடங்கொன்றை நிகழ்கலையாக நடத்தினார். பிரிட்டனின் கென் ஹைடரும் டிம் ஹாட்ஜ்கின்சனும் சைபீரியாவில் உள்ள துவாவின் கெண்டோஸ் சம்சிரினோடு சேர்ந்து ‘கே ஸ்பேஸ்’ என்ற குழுவாக இயங்கினார்கள். நமக்குப் பக்கத்திலேயே கொழும்பில் ‘பலிஃபோனிக்ஸ்’ என்ற குழு இருக்கிறது. தாள வாத்தியக்காரர் சுமுதி சுரவீர, தென்னிலங்கையின் ‘பலி’ என்னும் கிரக சாந்திச் சடங்கைப் பரம்பரையாகச் செய்பவர்களையே குழுவின் உறுப்பினர்களாக்கி, டபுள் பேஸோடு வாசிக்க வைத்தார். சடங்கொலியை நகலெடுத்து மின்னணுவில் குழைப்பதைவிட இது நேர்மையான வழி என்பேன்.

மலையகத்தில் கருவிகளுக்குப் பஞ்சமில்லை. குறி சொல்லும் கோடாங்கியின் உடுக்கையில் இடுப்புக் கயிற்றை இறுக்கினால் சுருதி ஏறும், விட்டால் இறங்கும். உறுமியில் வளைந்த குச்சியைத் தோலில் தேய்த்தால் விலங்கு முனகுவது போலிருக்கும். ஆனாலும் எனக்குத் தப்புதான். ஹட்டன் 4,000 அடிக்கு மேலே. பனி இறங்கினால் தோல் ஈரம் குடித்துத் தொய்ந்துவிடும். மிளாரை, அதாவது காய்ந்த தேயிலைக் குச்சிகளை, கொளுத்தித் தோலைக் காட்டி, விரலால் சுண்டிச் சுண்டிப் பார்ப்பார்கள். ஓசை கணீரென்று வந்தால் அடி தொடங்கும், தொய்ந்தால் மறுபடி நெருப்பு. ஒரு கூத்து இரவை முழுக்கப் பதிவு செய்தால், அந்தச் சுருதியின் ஏற்ற இறக்கமே தனிப் படைப்பாகும். கூத்தைப் பதிவு செய்பவர்கள் இந்தக் காய்ச்சும் நேரத்தைத்தான் முதலில் வெட்டுகிறார்கள்!

இன்னொன்றும் உண்டு. தேயிலைத் தொழிற்சாலையின் சக்கரத்துக்கே ரோதைமுனி என்று சாமி வைத்துக் கும்பிட்டவர்கள் இந்த மக்கள். இயந்திர இரைச்சலுக்கும் தெய்வத்துக்கும் இடையே இங்கே சுவர் கிடையாது. இருபதாம் நூற்றாண்டின் ஒலிக்கலை இயந்திரச் சத்தத்தை இசையாகக் கேட்கக் கற்றுக்கொண்டதைப் பெருமையாகச் சொல்வார்கள். தோட்டத்தில் அதற்குப் படையலே போட்டார்கள்.

காட்சிக் கலை இந்தப் பொருளுக்கு எப்போதோ வந்துவிட்டது. ஹட்டன் பக்கத்து ஓவியர் ஹனுஷா சோமசுந்தரம் தேயிலை வடிகட்டியையே கலைப்பொருளாக்கியிருக்கிறார். ஒலியில் தயக்கம் அதிகம். அதற்குச் சாதியும் காரணம். தப்படித்தவர்களை எந்த இடத்தில் நிறுத்தினார்கள் என்பது ஊரறிந்த சங்கதி. அவர்கள் பிள்ளைகள் சிலர் குச்சியைத் தொட மறுப்பதில் நியாயம் உண்டு. தமிழ்நாட்டில் பறை மேடையேறி மதிப்பு பெற்றதும், தலித் கலைக்குழுக்கள் அதைத் தங்கள் குரலாக எடுத்துக்கொண்ட பிறகுதான். ஆகவே, ஒலிவாங்கியோடு தோட்டத்துக்குப் போகிறவர் முதலில் கூலியையும், படைப்பில் யார் பெயர் வரும் என்பதையும் லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலிலேயே பேசி முடித்துவிட வேண்டும்.