கடல் பழிவாங்குமா? மணிமேகலை காட்டும் இருவகை நீதி

காரைக்காலிலிருந்து கரையோரமாக வடக்கே சென்றால் தரங்கம்பாடி. அதையும் கடந்தால் பூம்புகார். அந்நகரைக் கடல் கொண்ட கதையைச் சொல்லும் காப்பியம் மணிமேகலை. 2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள், ஞாயிறு காலையில் ஆழிப்பேரலை காரைக்கால் மீனவ ஊர்களையும் நாகை, வேளாங்கண்ணிக் கரையையும் வாரிச் சென்றது. 'கடல் பழிவாங்கிவிட்டது' என்று அப்போது பலர் கூறினர். இன்றும் புயலும் வெள்ளமும் வரும்போதெல்லாம் அச்சொல் எழுகிறது. அது உண்மைதானா என ஆராயச் சாத்தனாரின் காப்பியம் நமக்கு நல்ல துணையாகும்.

இக்காப்பியத்தில் சோழ மன்னன் இரு மைந்தரை இழக்கிறான். மூத்தவன் உதயகுமரன். காயசண்டிகை வடிவில் இருந்த மணிமேகலையை அவன் தொடர்ந்து சென்றபோது, அவளைத் தன் மனைவியென்றே எண்ணிய காஞ்சனன் அவனை வாளால் வெட்டி வீழ்த்துகிறான். மகனையே முறைசெய்த முன்னோனின் மரபில் வந்தவன் மன்னன். ஆதலால், தான் விதித்திருக்க வேண்டிய தண்டனையே இது என ஏற்றுக்கொள்கிறான். தாய் இராசமாதேவியால் அவ்வாறு ஏற்க இயலவில்லை. குற்றமற்ற மணிமேகலையைச் சிறையிலிருந்து தன் பொறுப்பில் பெற்று, மருந்தூட்டிப் பித்தேற்றவும், ஒருவனை ஏவி மானமழிக்கவும், அறையில் அடைத்துப் பட்டினியிடவும் முயல்கிறாள். கொன்றவன் கைக்கு எட்டாதபோது, எட்டியவர்மேல் பழிவெறி பாய்கிறது. எக்காலத்துக்கும் பொருந்தும் மனவியல் இது.

முயற்சிகள் அனைத்தும் தோற்றபின் அரசி நடுங்குகிறாள். அவளைத் தண்டிக்க மணிமேகலைக்கு அப்போது எல்லா நியாயமும் உண்டு. அவளோ ஒரு வினா எழுப்புகிறாள்: நீ அழுதது மகனின் உடலுக்காகவா, உயிருக்காகவா? உடலுக்காக எனில், அதைச் சுடுகாட்டுக்கு அனுப்பியவர் யார்? உயிருக்காக எனில், அது இன்று எவ்வுடலில் புகுந்துள்ளது என்பதை நீ அறியாய். ஆகவே அவ்வுயிரை நேசிப்பவள் எல்லா உயிர்களிடமும் பரிவு கொண்டாக வேண்டும். மறுபிறப்பு நம் கொள்கை அன்று. எனினும் இவ்வாதத்தின் அழகு கருதத்தக்கது. பழியுணர்ச்சியை அவள் சட்டத்தால் அடக்கவில்லை. அதன் வேரிலிருந்த தாயன்பையே எடுத்து விரிவாக்குகிறாள்.

அடுத்து, பீலிவளை பெற்ற இளைய மகன். அவன் வந்த கலம் கடலில் உடைகிறது. மகனைத் தேடித் திரிந்த மன்னன் இந்திர விழாவை மறக்கிறான். கடல் தெய்வத்தின் சாபத்தால் புகார் நகர் நீரில் மூழ்குகிறது. துயருற்ற ஒரு தந்தையின் மறதிக்காக வலைஞரும் உமணரும் குழந்தைகளும் மடிவது எவ்வாறு நீதியாகும்? காப்பியத்தில் இதை எவரும் கேட்கவில்லை. அரசிக்கு அத்துணை விரிவாக அறம் உரைத்த நாயகி இங்கே வாய் திறக்கவில்லை. இது காப்பியத்தின் குறை என்றே கருதுகிறேன். சபித்த தெய்வத்தின் பெயரும் மணிமேகலை என்பது இக்குறையை மேலும் உறுத்தச் செய்கிறது. ஒரே பெயரில் இரண்டு நீதிகள்: ஒன்று மன்னிக்கிறது, மற்றொன்று ஊரையே மூழ்கடிக்கிறது.

சீலோவாம் கோபுரம் விழுந்து மாண்ட பதினெட்டுப் பேரும் எருசலேமில் வாழ்ந்த மற்றவரைவிடக் குற்றவாளிகளா என்று ஆண்டவர் வினவி, இல்லை என மறுத்ததை லூக்கா நற்செய்தி 13ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். 2004இன் அலையை எழுப்பியது சுமத்ராவை ஒட்டிய கடலடி நிலநடுக்கம். அதில் மாண்டோரில் பெரும்பாலோர் கடலுக்கு மிகக் குறைவாகவே தீங்கிழைத்த எளியோர். பழி என்றால் அது குறிதவறிய பழி. அதை நீதி என்பது இறந்தோரை இரண்டாம் முறை கொல்வதாகும்.

அப்படியாயின் மனிதன் குற்றமற்றவனா? அல்லன். தமிழில் 'பழி' என்னும் சொல் வஞ்சத்தையும் குறிக்கும், குற்றப்பொறுப்பையும் குறிக்கும். முன்னதைக் கடலின்மேல் ஏற்றிவிட்டுப் பின்னதை நாம் தட்டிக்கழிக்கிறோம். மேட்டூர் அணை 1934இல் எழுந்தபின் காவிரி கடைமடைக்குக் கொணரும் வண்டல் குறைந்தது. புதுச்சேரியில் 1980களின் பிற்பகுதியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கற்சுவர்கள் நீண்டன. கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணல் தடைபட்டு, நகரக் கடற்கரை மறைந்தது. இறால் பண்ணைகள் வயலையும் குடிநீரையும் உவராக்கின. காந்தியர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், கடலோர ஒழுங்குமுறை மண்டலத்திலிருந்து அத்தகைய தொழில்முறைப் பண்ணைகளை அகற்றுமாறு 1996 டிசம்பர் 11 அன்று உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. ஆழிப்பேரலைக்கு அடுத்த ஆண்டே, 2005இல், நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அத்தடையைத் தளர்த்தியது. 'கடல் பழிவாங்கிவிட்டது' என்று நாம் புலம்பிய அதே காலத்தில் நடந்தது இது.

மண் குறைந்தால் கரை அரிக்கும். உவர்நீர் புகுந்தால் பயிர் சாகும். இவை வஞ்சம் அல்ல, விளைவு. வியப்பு என்னவெனில், இதையும் காப்பியமே கற்பிக்கிறது. இறுதிக் காதையில் அறவண அடிகள் உரைக்கும் பன்னிரு சார்புகளில், ஒன்றைச் சார்ந்தே மற்றொன்று தோன்றுகிறது. அங்கே சினத்துக்கும் சாபத்துக்கும் இடமில்லை. நடுவில் வைத்த சாபத்தைச் சாத்தனார் முடிவில் தம்மை அறியாமலே திருத்திவிட்டார் எனலாம். தொடக்க நூலிலும் இதே ஒழுங்கு உண்டு: ஆபேலின் இரத்தம் வீழ்ந்த நிலம் காயினுக்குப் பலன்தர மறுக்கிறது, ஆனால் காயினைக் கொன்று பழிதீர்க்க எவருக்கும் உரிமை தரப்படவில்லை.

விளைவை அறிந்தவன் செய்யவேண்டியது யாது? ஆதிரையின் கணவன் சாதுவன், கலமுடைந்து கரையேறிய தீவில் நாகர் தலைவனுக்கு அறம் கூறுகிறான். ஊனுணவே வாழ்வான அம்மக்களிடம் அவன் இயலாததைக் கேட்கவில்லை. கலமுடைந்து வருவோரைக் கொல்லாதீர். மூத்துத் தாமே இறக்கும் விலங்குகளன்றிப் பிற உயிர்களுக்குத் தீங்கு செய்யாதீர் என்கிறான். பிழைப்பை மறுக்காத வரம்பு அது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளைக் கரையில் நிறுத்தும் நம் மீனவர், மீன் இனம் பெருக இடம்விடும்போது அத்தகைய வரம்புக்குள்தான் வாழ்கின்றனர். அதன் இழப்பைத் தாங்குவது அவர்களின் அடுப்பு.

அவர்களிடம் கேட்கும் அடக்கத்தை அணை கட்டியோரிடமும், துறைமுகம் அமைத்தோரிடமும், ஏற்றுமதி இறாலில் பொருளீட்டியோரிடமும் நாம் கேட்டதுண்டா? அரசியின் கோபம் கைக்கு எட்டிய குற்றமற்றவள்மேல் பாய்ந்தது போல, நம் கண்டிப்பும் எட்டிய எளியவர்மேலேயே விழுந்துகொண்டிருக்கிறது. மணிமேகலையை வாசிப்போர் இதை எண்ணிப்பார்க்க வேண்டும்.