தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் டிஏசி: ஒரு 1989 கட்டுரையை முன்வைத்து

16 பிட் டிஏசி என்றால் 65,536 லெவல். படிகளெல்லாம் ஒரே உயரமாக இருக்கணும். ஆனால் சிலிக்கானில் அடுத்தடுத்துப் போட்ட டிரான்சிஸ்டர்கள்கூட அவ்வளவு ஒத்துப்போகாது. ஃபேக்டரியில் லேசரால் செதுக்கிச் சரிபண்ணலாம். செலவு ஜாஸ்தி; போகப்போக சூடும் வயசும் அதைக் கலைத்துவிடும்.

பிலிப்ஸின் குரூனவெல்ட் குழு 1989-ல் எழுதிய கட்டுரை வேறு வழியில் போகிறது. ஒரே ஒரு ரெஃபரன்ஸ் கரண்ட். செல்கள் முறைவைத்து வந்து அதை நகலெடுத்துக்கொள்ளும். நகல், மாஸ் டிரான்சிஸ்டரின் கேட்டில் சார்ஜாக நிற்கும். சார்ஜ் கசியாதா? கசியும். அதனால்தான் ஓயாமல் திரும்ப எழுதுகிறார்கள். 64 செல் உழைக்க, ஒன்று ஸ்பேர். ஆகவே வெளியே போகும் சிக்னல் நிற்பதில்லை.

எனக்குப் பிடித்த இடம் இது: ஸ்விட்ச் திறக்கும்போது சிதறும் சார்ஜ் நகலைக் கெடுக்குமே, அதற்காக கரண்டில் பெரும்பகுதியை ஒரு நிலையான சோர்ஸிடம் விட்டுவிட்டு, மிச்சத்தை மட்டும் சரிசெய்கிறார்கள். எஞ்சும் பிழை எல்லா செல்லிலும் ஒரே அளவு என்றால் கெயின்தான் மாறும், லீனியாரிட்டி தப்பிக்கும்.

குறை? கேலிப்ரேஷன் மேல் 6 பிட்டுக்குத்தான். கீழ் 10 பிட், ஒரு செல்லின் கரண்டைப் பிரிக்கும் சாதா டிவைடர். பழையபடி மேட்சிங்கையே நம்புகிறது. அடுத்து, சரியாவது நிலையான கரண்ட் மட்டும். செல்கள் மாறும் கணத்தில் வரும் கிளிட்ச்சை இது தொடவே இல்லை. ஆடியோ வேகத்தில் சமாளிக்கலாம். நூற்றுக்கணக்கான மெகாஹெர்ட்ஸ் டிஏசிக்கும் இதையே மருந்தாகச் சொல்பவர்களிடம், எந்த ஃப்ரீக்வென்சியில் அளந்தீங்க என்று முதலில் கேட்கணும்.