‘தொலை’யும் ‘டெலி’யும்

தமிழின் ‘தொலை’ என்னும் சொல்லே கிரேக்க நாடு சென்று ‘டெலி’ ஆயிற்று என்பார் உளர். தொலைபேசி டெலிபோன், தொலைக்காட்சி டெலிவிஷன், தொலைநோக்கி டெலஸ்கோப் என அடுக்கிக் காட்டுங்கால் ஒலியும் பொருளும் ஒருங்கே பொருந்துவதுபோல் தோன்றும். 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கூடிய நகரம் கோலாலம்பூர். அந்நகரத் தமிழ் மேடைகளிலேனும் இக்கூற்று ஆராய்ந்த பின்னரே ஏறுதல் வேண்டும்.

முதற்கண், மேற்காட்டிய இணைகள் சான்றாகா. தொலைபேசியும் தொலைக்காட்சியும் ஆங்கிலச் சொற்களை நோக்கி அண்மைக் காலத்தே ஆக்கப்பட்டவை. படியெடுத்தது மூலத்தை ஒத்திருத்தல் வியப்பன்று.

இனிப் பொருள். சங்கப் பாடல்களில் ‘தொலை’ என்பது அழிதல், இழத்தல், தோற்றல் என்னும் பொருள்களிலேயே பெரிதும் வரும். காசு தொலைந்தது என்னும் இன்றைய வழக்கும் அதன் வழியதே. கன்னடத்தும் தெலுங்கினும் ‘தொலகு’ என்பது அகலுதலைக் குறிக்கும். கிரேக்கச் சொல்லோ ‘சேய்மையில்’ என்னும் பொருளது.

ஒலியை நோக்கின் ஐயம் முற்றும் நீங்கும். கிரேக்க வடிவம் ‘டெலி’ அன்று. முதலுயிர் நீண்ட ‘தேலெ’. ஏயோலியக் கிளைமொழியில் அது ‘பேலுயி’ என வரும். நான்கு என்பது ஆத்திக்கத்தில் ‘தெத்தரெஸ்’, ஏயோலிய வகையாகிய பொயோத்தியத்தில் ‘பெத்தரெஸ்’ என நிற்பதும் இவ்வாறே. இத்தகைய தகர பகரங்கள் பண்டைய ‘க்வ’ ஒலியின் திரிபுகள் என்பது மொழிநூலார் முடிபு. இலத்தீனில் நான்கைக் குறிக்கும் ‘க்வத்துவொர்’ அதனைக் காட்டும். எனவே ‘தேலெ’யின் தகரமே பிற்காலத்தது. பிற்காலத் தகரத்தைத் தமிழ்த் தகரத்தோடு பொருத்துதல் யாங்ஙனம்?

ஆங்கில ஒலிப்பும் நிலையானதன்று. டெலிகிராஃப் என்பதில் முதலசை அழுத்தம் பெறும். தந்தி முறையைக் குறிக்கும் ‘டலெக்ரஃபி’யில் அழுத்தம் இரண்டாம் அசைக்கு நகர, முதலுயிர் தேய்ந்துவிடும். பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் இரயில்வேப் பணிக்கு வந்து குடியேறிய யாழ்ப்பாணத்தார் மரபில் அது ‘ரெலிபோன்’ என எழுதப்படும். தமிழகத்து மரபில் ‘டெலிபோன்’. இவற்றுள் எதனைக் கொண்டு ‘தொலை’யோடு ஒப்பிடுவது?

எழுத்தொற்றுமையும் ஏமாற்றும். ‘டெலியாலஜி’ என்னும் மெய்யியற் சொல்லில் உள்ளது தொலைவன்று. முடிவு, நோக்கம் எனப் பொருள்படும் ‘தெலொஸ்’ என்னும் வேறு சொல்லாகும். டெலிவிஷனில் பிற்பாதி இலத்தீன்.

கிரேக்கத் தொடர்பு தமிழுக்கு இல்லையென்பதன்று. சோதிடத்தில் வழங்கும் ‘ஹோரை’ கிரேக்க ‘ஹோரா’ வடமொழி வழியே வந்தது. வந்த வழியும் துறையும் தெளிவாக உள்ளன. கடனுக்குச் சான்று அத்தகையது. கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழ்ப்பள்ளி மாணவர் தொலைபேசி, டெலிபோன், மலாய் தெலெஃபோன் என மூன்றும் கற்கின்றனர். அவர்க்குப் பொய்யான பெருமையினும் ஒப்பிட்டறியும் முறையே பயன் தரும்.