துவாரம் மூடினால் போதுமா?

எழுத்தைப் படிப்பதற்கும் முகத்தை அடையாளம் காண்பதற்கும் ஆதாரமான, விழித்திரையின் மையமாகிய மாகுலாவில் துவாரம் விழுந்துவிட்டால், அதற்குப் பரிகாரமில்லை என்று கைவிரிப்பதே நெடுங்காலம் கண் வைத்தியர்களின் வழக்கமாக இருந்தது. விட்ரியஸ் என்னும் விழிக்கூழின் இழுப்பே இதற்குக் காரணம் என்று 1988-இல் கண் மருத்துவர் டொனால்ட் காஸ் விளக்கினார். அந்த இழுப்பை நீக்கினால் துவாரம் மூடக்கூடும் என்று துணிந்த கெல்லி, வெண்டல் என்ற அமெரிக்க நிபுணர்கள், 52 கண்களில் சஸ்திர சிகிச்சை செய்து, 30-இல் துவாரம் மூடியதை 1991-இல் வெளியிட்டனர். ஆனால் மூடிய அந்த 30 கண்களிலும், பரிசோதனைப் பலகையில் இரண்டு வரியோ அதற்கு மேலோ கூடுதலாகப் படித்தவை 22 தாம். துவாரம் மூடுவது வேறு, பார்வை திரும்புவது வேறு என்னும் பேதம் அன்றே தெரிந்துவிட்டது.

வெண்விழியில் மூன்று நுண்துளைகளிட்டு, கூழை வெட்டி உறிஞ்சி, விழித்திரையின் மேல் ஒட்டியிருக்கும், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கே கனமுள்ள படலத்தை நீலச் சாயத்தால் புலப்படுத்தி, நுண்ணிய இடுக்கியால் உரித்தெடுத்து, முடிவில் வாயுவை நிரப்பும் இன்றைய முறையால், மிகப் பெரியவை நீங்கலான துவாரங்களில் பத்துக்கு ஒன்பது மூடிவிடுகின்றன. இது மகத்தான சாதனை என்பதில் ஐயமில்லை. ஆயினும் 2011-இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், படலம் உரிக்கப்பட்டவர்களில் 84 சதவீதத்தினருக்கும் உரிக்கப்படாதவர்களில் 48 சதவீதத்தினருக்கும் ஒரு மாதத்தில் துவாரம் மூடியிருந்தும், ஆறாம் மாதத்தில் இரு சாராரின் தூரப் பார்வையிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் காணப்படவில்லை. உரிப்பதனால் கிட்டும் பிரதான லாபம் இரண்டாம் சிகிச்சையைத் தவிர்ப்பதே என்று கொள்வது நியாயம்.

குறைகளும் உண்டு. ஐம்பது வயதைக் கடந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஓரிரு ஆண்டுகளுக்குள் கண்புரை முற்றுகிறது. வாயு கரையும்வரை விமானப் பயணம் கூடாது. எல்லாவற்றினும் கொடியது, முதியவர்களைப் பல நாட்கள் முகங்கவிழ்ந்தே உண்ணவும் உறங்கவும் வைத்த விதி. பெரிய துவாரமுள்ளவர்களை ஆராய்ந்த 2020-ஆம் ஆண்டுப் பரிசோதனையில், கவிழ்ந்திருந்தோரில் 95.5 சதவீதத்தினருக்கும் அவ்வாறு இராதோரில் 85.6 சதவீதத்தினருக்கும் துவாரம் மூடியது. அந்த வித்தியாசமும் புள்ளியியல் முறையில் உறுதிப்படவில்லை. ஆகவே சிறிய துவாரம் உடையவர்மீதும் இவ்விதியைக் கண்டிப்பாகச் சுமத்துவது, பலனினும் வேதனை மிகுந்த காரியம் என்பதே என் அபிப்பிராயம்.

மொத்தத்தில் இச்சிகிச்சை கொள்ளத்தக்கதே. அதன் பலனை நிர்ணயிப்பதில் வைத்தியரின் கைத்திறனோடு துவாரத்தின் அளவும் வயதும் பெரும்பங்கு கொள்கின்றன. கதவின் நேர்க்கோடு வளைந்து தெரிந்தாலோ, வரியின் நடுவே ஓர் எழுத்து மறைந்தாலோ, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்துவிட்டுத் தாமதமின்றி வைத்தியரை நாடுங்கள். துவாரம் மூடுமா என்பதோடு, எவ்வளவு பார்வை திரும்பும் என்றும் அவரிடம் கேளுங்கள்.